ரயில் ஊதினால் மட்டும் திரும்பிய பையன்

நான் மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர். வட்டார வள மையத்தின் கீழ் இருக்கும் பள்ளிகளைச் சுற்றி வருவது என் வேலை. ஒரு பள்ளிக்கு வாரத்தில் ஒரு நாள் கிடைக்கும், பஸ்ஸும் மழையும் ஒத்துழைத்தால் இரண்டு நாள். இங்கே எழுதப்போகும் பையனை 2023 ஜூலையில் கேத்திப் பள்ளத்தாக்கின் சரிவில் இருக்கும் ஓர் அரசு தொடக்கப் பள்ளியில் முதன்முதலாகப் பார்த்தேன். அவன் பெயரையும் ஊரையும் எழுதப்போவதில்லை. வீட்டிலும் பள்ளியிலும் எல்லோரும் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுகிறார்கள். இங்கேயும் தம்பியாகவே இருக்கட்டும்.

அப்போது அவனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவி நிலை உள்ள பையன். பள்ளியில் மொத்தம் 27 பிள்ளைகள், தலைமையாசிரியரையும் சேர்த்து இரண்டு ஆசிரியர்கள். ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறை. தம்பி கடைசியில், ஜன்னலோரம், தரையில் விரித்த சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தான். கையில் ஒரு கட்டைப் பென்சில். டீச்சர் இரண்டு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பவில்லை. பத்து நிமிடம் கழித்து கீழே அருவங்காடு பக்கமிருந்து ரயில் ஊதியது. உடனே எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"பாத்தீங்களா டீச்சர்? ரயில் ஊதுனா கேக்குது. நாங்க கூப்பிட்டா மட்டும் கேக்காது. எல்லாம் அடம்" என்றார் தலைமையாசிரியர். அவர் அக்கறை இல்லாதவர் அல்ல. இந்தப் பையனுக்காகத் தன் சொந்தப் பணத்தில் செருப்பு வாங்கிக் கொடுத்தவர். ஆனால் அந்த ஒரு வாக்கியம் பள்ளியில் எல்லோருக்கும் தீர்ப்பாகிவிட்டிருந்தது. உண்மையைச் சொன்னால், முதல் மூன்று வாரம் எனக்கும் அதுதான் தீர்ப்பு. என் குறிப்பேட்டில் "கவனக் குறைவு, பிடிவாதம்" என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது.

வீடு

தாத்தா காலத்தில் கண்டியிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். அம்மா கொழுந்து பறிக்கப் போகிறார். அப்பா கேரட் மூட்டை ஏற்றும் வேலை, லாரியோடு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய் நள்ளிரவில்தான் திரும்புவார். வீட்டில் அப்பாயி, ஐந்தாம் வகுப்பு படிக்கும் அக்கா, அப்புறம் தம்பி.

தம்பி பிறந்தபோது அம்மாவுக்கு 24 வயது. வயதான தாய்மார்களுக்குத்தான் இப்படிப்பட்ட பிள்ளை பிறக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வயது கூடக்கூட வாய்ப்பு கூடுவது உண்மைதான். ஆனாலும் இளம் தாய்மார்களுக்கும் பிறக்கிறது, மொத்தத்தில் பிரசவங்களே அவர்களுக்குத்தானே அதிகம். வயது பொருந்தவில்லை என்றதும் வீடு வேறு காரணம் தேடியது. கிரகணத்தன்று வெளியே போனாள், மாசமாக இருக்கும்போது மூட்டை தூக்கினாள், மருந்தடித்த தோட்டத்தில் பறித்தாள். ஏழு வருடம் அந்தப் பெண் இதைக் கேட்டுக்கொண்டே சமைத்திருக்கிறார்.

ஒரு சனிக்கிழமை வீட்டுக்குப் போனேன். அப்பாயி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தீப்பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, குச்சிகளை இரண்டு இரண்டாகக் கட்டிலின் மேல் அடுக்கினேன். 23 ஜோடி, மொத்தம் 46. நம் உடம்பின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் இப்படித்தான் இருக்கிறது அப்பாயி, இதற்குக் குரோமோசோம் என்று பெயர், அப்பாவிடமிருந்து பாதி, அம்மாவிடமிருந்து பாதி என்றேன். பிறகு 21ஆவது ஜோடியின் பக்கத்தில் இன்னொரு குச்சியை வைத்தேன். 47. பெரும்பாலும் கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும் நேரத்திலேயே ஜோடி சரியாகப் பிரியாமல் ஒன்று கூடுதலாக வந்துவிடுகிறது. 1959இல் பிரான்சில் ஜெரோம் லெஜூன் என்ற மருத்துவரும் அவரோடு வேலை செய்தவர்களும் இதைக் கண்டுபிடித்தார்கள். யாரும் எதையும் செய்ததால் வருவதில்லை. மிகச் சிலருக்கு மட்டும் பெற்றோரிடமிருந்து வரும் ஒரு வகை உண்டு, தம்பியின் பரிசோதனை அறிக்கையில் அது இல்லை.

அப்பாயி அந்தக் கூடுதல் குச்சியை எடுத்துப் பார்த்தார். "இத எடுத்துப்போட முடியாதா?"

"முடியாது அப்பாயி."

கொஞ்ச நேரம் கழித்து, மருமகள் இருக்கும் அடுப்படிப் பக்கம் பார்க்காமலே கேட்டார். "அப்ப இவ மேல தப்பில்லையா?"

அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

மருத்துவக் குறிப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு இருக்கும். தம்பிக்கும் இருந்தது. காப்பீட்டு அட்டையில் கோவையில் ஒரு வயதிலேயே அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. தைராய்டு பரிசோதனை வருடம் ஒருமுறை. கழுத்தெலும்பின் மேல் மூட்டு சிலருக்குத் தளர்வாக இருக்கும் என்பதால், மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை குட்டிக்கரணம் அடிக்க விடக்கூடாது என்று விளையாட்டு நேரத்துக்காக எழுதிக் கொடுத்தேன்.

காது

தம்பி தரையில் உட்கார்ந்துவிடுவான். அதுதான் பள்ளியின் பெரிய புகார். நடந்து வரும்போது திடீரென்று உடம்பைத் தளர்த்தி உட்கார்ந்துவிட்டால் யாராலும் எழுப்ப முடியாது. தசை தளர்ச்சி இருக்கும் பிள்ளையைக் கையைப் பிடித்து இழுப்பது ஆபத்தும்கூட. எனவே இழுக்க வேண்டாம், எப்போது உட்காருகிறான் என்று மட்டும் குறித்து வையுங்கள் என்று டீச்சரிடம் கேட்டுக்கொண்டேன். அவர் காலண்டரிலேயே கோடு போட்டார். தேதிக் கட்டத்தின் மூலையில் சின்னச் சின்னக் கோடுகள், மழை பெய்த நாளுக்குக் குடை படம். மழையைக் குறிக்க நான் சொல்லவில்லை. மழை நாளில் துணி காயாது என்று அவர் தன் வீட்டுக் காலண்டரில் குறிக்கும் பழக்கம் அது.

மூன்று வாரம் கழித்து அந்தக் காலண்டரைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. குடை இருந்த நாட்களில் நான்கு, ஐந்து கோடுகள். வெயில் நாளில் ஒன்று, இல்லையென்றால் அதுவும் இல்லை.

அறைக்குத் தகரக் கூரை. மழை பிடித்தால் முன்வரிசைப் பிள்ளைக்கே டீச்சர் சொல்வது பாதிதான் காதில் விழும். தம்பி உட்கார்ந்திருந்த இடம் கடைசி, ஜன்னலோரம், கூரைத் தண்ணீர் கொட்டும் பக்கம். வருடத்தில் பாதி மாதம் அவனுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும், இந்தக் குளிருக்கு அது சகஜம் என்று எல்லோரும் விட்டுவிட்டோம். டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளுக்குக் காதுத் துவாரமும், காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாயும் குறுகலாக இருக்கும். சளி பிடித்தால் நடுக்காதில் நீர் கோத்துக்கொள்ளும். வலி இருக்காது, சீழ் வராது, வெளியே எதுவும் தெரியாது. பேச்சு மட்டும் தண்ணீருக்கடியில் இருந்து கேட்பது போல மங்கிப்போகும். ரயிலின் ஊதல் கேட்கும், ஏனென்றால் அது மலை முழுக்கக் கேட்கிற சத்தம். "தம்பி, புத்தகத்த எடு" என்பது அவனுக்கு ஒரு முனகல்.

செவித்திறன் சோதனைக்கு அனுப்பினோம். அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தார், ரிப்போர்ட்டுக்காக இன்னொரு நாள். இரண்டு காதிலும் நீர், வலது காதில் குறும்பி கல்லாக இறுகியிருந்தது. காது மூக்கு தொண்டை மருத்துவர் அதை எடுத்தார். நீருக்கு மருந்து கொடுத்து மூன்று மாதம் பார்ப்போம், குறையவில்லை என்றால் சின்னக் குழாய் வைக்கலாம் என்றார். அந்தத் தடவை குறைந்தது. ஆனால் இது ஒருமுறை சரிசெய்து மறந்துவிடும் விஷயம் அல்ல. மறுபடி சளி, மறுபடி நீர். எனவே "தம்பிக்கு இன்றைக்குக் காது எப்படி?" என்பது வகுப்பில் தினமும் கேட்கும் கேள்வியாயிற்று. டீச்சர் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று மெதுவாகப் பெயர் சொல்லிப் பார்ப்பார். திரும்பாத நாளில், எதைச் சொன்னாலும் கூடவே படத்தைக் காட்டுவார்.

கண்ணையும் சேர்த்தே பார்த்தோம். கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிந்ததால் கண்ணாடி கொடுத்தார்கள். மூக்குத் தண்டு தட்டையாக இருப்பதால் அது நிமிடத்துக்கு ஒருமுறை வழுக்கியது. அப்பாயி உள்பாவாடைக்குக் கோக்கும் எலாஸ்டிக்கில் ஒரு துண்டு வெட்டி இரண்டு பக்கமும் கட்டிவிட்டார், பிரச்சினை தீர்ந்தது.

இடத்தையும் மாற்றினோம். முன்வரிசை, டீச்சரின் வாயசைவு தெரியும் இடம். சாக்குக்குப் பதில் நாற்காலி. கால் தரையில் எட்டாமல் தொங்கினால் இந்தப் பிள்ளைகளால் முதுகை நிமிர்த்தி வைத்திருக்க முடியாது, கை எழுதாது. இரண்டு செங்கல்லைச் சாக்கில் சுற்றிக் காலுக்குக் கீழே வைத்தோம். இதற்கெல்லாம் ஆன செலவைக் கணக்குப் பார்த்தால் ஒரு டீ, வடைக் காசு இருக்கும்.

ஆறு மஞ்சள் பலகைகள்

இந்தப் பிள்ளைகள் கேட்டு நினைவில் வைப்பதைவிடப் பார்த்து நினைவில் வைப்பது எளிது. புரிந்துகொள்வது முன்னால் ஓடும், பேச்சு பின்னால் நொண்டி வரும். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் சூ பக்லி என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1980களிலிருந்து சொல்லி வருவது இது: பேச்சு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், படிக்கக் கற்றுக்கொடுங்கள், படிப்பு பேச்சைக் கூட்டிக்கொண்டு வரும். நம் பள்ளிகளில் நடப்பது நேர் எதிர். "முதல்ல பேசட்டும் டீச்சர், அப்புறம் எழுத்து" என்பார்கள். தம்பிக்கு அப்போது தெளிவாக வந்த சொற்கள் பத்துக்குள். ஒன்றாம் வகுப்பு முழுக்க அ, ஆ என்று ஒலியைச் சொல்லிச் சொல்லிக் காட்டியிருக்கிறார்கள். சரியாகக் கேட்காத காதுக்கு, ஒன்றுக்கொன்று நெருக்கமான ஒலிகள்.

முழுச் சொல்லில் தொடங்குவது என்று முடிவு செய்தேன். எந்தச் சொல்? அவனுக்கு எது உயிரோ அது. குன்னூரிலிருந்து ஊட்டி வரைக்கும் ஆறு ஸ்டேஷன்: குன்னூர், வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல், உதகமண்டலம். மஞ்சள் அட்டையில் கறுப்பு எழுத்து, ஸ்டேஷன் பலகை மாதிரியே. ஒவ்வொன்றுக்கும் இரண்டு அட்டை. இந்த ஆறு பெயர்களும் தோற்றத்தில் ஒன்றுபோல ஒன்று இருக்காது. கேத்தி குட்டை, உதகமண்டலம் நீளம், லவ்டேல் நடுவில் ஒரு கொம்போடு நிற்கிறது. கண்ணுக்கு இதைவிட நல்ல முதல் பாடம் கிடைக்காது.

முறை மூன்று படி. முதலில் பொருத்துவது: ஒரே மாதிரி அட்டைகளை ஒன்றின் மேல் ஒன்று வைப்பது. பேச வேண்டாம். அடுத்து எடுப்பது: "கேத்தி எங்கே?" என்றால் எடுத்துக் கொடுப்பது. கடைசியில் சொல்வது. தவறு செய்ய விட்டுப் பிறகு திருத்துவது இவர்களிடம் எடுபடாது. ஒருமுறை தப்பாகச் செய்தது அப்படியே பதிந்துவிடும், இரண்டு முறை தோற்றால் விளையாட்டே வேண்டாம் என்று தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். எனவே முதலில் அவன் கையைச் சரியான அட்டைக்கே கொண்டுபோவேன், பிறகு முழங்கையை மட்டும் தொடுவேன், பிறகு கண்ணால் மட்டும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம். நான் வராத நாளில் டீச்சர் காலை உணவு முடிந்ததும் செய்வார். அந்த ஆகஸ்டில்தான் காலை உணவுத் திட்டம் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. வயிறு நிறைந்து, மணி அடிப்பதற்கு முன் கிடைத்த அந்த இடைவெளி எங்களுக்குப் பெரிய உதவி.

பதினோராவது நாளில் ஆறையும் பொருத்தினான். நான்காவது வாரத்தில் கேட்டதை எடுத்தான். வாயைத் திறந்து முதலில் சொன்னது எது தெரியுமா? உதகமண்டலம். "உகம்ம்ம்டலம்" என்று வந்தது. இருப்பதில் நீளமானது. "சின்னச் சொல்லிலிருந்து தொடங்கணும்" என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததையே நானும் வருடக்கணக்காக மற்றவர்களுக்குச் சொல்லி வந்திருக்கிறேன். அன்றிலிருந்து சொல்வதில்லை.

அடுத்த சிக்கல் தமிழுக்கே உரியது. டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகள் பேசும்போது இலக்கணச் சிறு உறுப்புகள் உதிர்ந்துபோகும். ஆங்கிலத்தில் அவை பெரும்பாலும் தனிச் சிறு சொற்கள். நமக்கோ சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன: கேத்திக்கு, கேத்தியில், கேத்தியிலிருந்து. வேகமாகப் பேசும்போது அந்த வால் தேய்ந்துவிடும். காதில் நீர் கோத்த பிள்ளைக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தம்பி "அம்மா ஊட்டி" என்பான். அம்மா ஊட்டியில் இருக்கிறாளா, ஊட்டிக்குப் போனாளா, ஊட்டியிலிருந்து வந்தாளா, யாருக்கும் தெரியாது.

எனவே வாலைக் கண்ணுக்குத் தெரிய வைத்தோம். ஸ்டேஷன் அட்டையின் வலது ஓரத்தில் ஒரு கொக்கி, நூல்தான். "க்கு", "யில்" என்று சிவப்பு மையில் எழுதிய சின்ன அட்டைகள் ரயில் பெட்டிகள். கேத்தி இன்ஜின், "க்கு" பெட்டி. பெட்டியை மாட்டினால் ரயில் கிளம்பும். எந்த அட்டையில் எந்த எழுத்து இடையில் வரும் என்ற புணர்ச்சி விவகாரத்தை அப்போதைக்கு விட்டுவிட்டேன், "க்கு" நேராக ஒட்டிக்கொள்ளும் கேத்தி, ஊட்டி போன்றவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஜனவரியில் ஒரு நாள் மாட்டி முடித்துவிட்டு, விரலைச் சிவப்பு எழுத்தின் மேல் வைத்து, "கேத்தி... க்கு" என்றான். இரண்டு வாரம் கழித்து அட்டை இல்லாமல் வீட்டில் சொல்லியிருக்கிறான்: "அப்பாயிக்கு." தட்டை நீட்டிக்கொண்டு. அம்மா மறுநாள் வேலைக்குப் போகிற வழியில், கூடையோடு பள்ளி வாசலில் நின்று எனக்கு போன் பண்ணிச் சொன்னார்.

வினைச்சொல் அட்டை எழுதும்போது தலைமையாசிரியருக்கும் எனக்கும் ஒரு வாக்குவாதம். நான் "போறேன்" என்று எழுதியிருந்தேன். "அரசுப் பள்ளியில நாமளே பேச்சுத் தமிழ எழுதிப் பழக்கலாமா? நாளைக்கு எல்லாப் பிள்ளைகளும் அப்படியே எழுதும்" என்றார். நியாயமான கவலைதான். ஆனால் இவன் படிப்பது பேசுவதற்காக. "செல்கிறேன்" என்று யாரிடம் போய்ச் சொல்வான்? கடைசியில் தலைமையாசிரியரே வழி சொன்னார்: அட்டையின் ஒரு பக்கம் "போறேன்", திருப்பினால் "போகிறேன்". இப்போது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் அந்த இருபக்க அட்டையைப் பயன்படுத்துகிறார்கள்.

எழுதுவதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. விரல் குட்டை, பிடிப்பு தளர்வு. ட, ப என்ற நேர்கோட்டு எழுத்துகளை மரப்பலகையில் ஈரச் சாக்பீஸால் எழுதுகிறான். வளைவு எழுத்துகள் இன்னும் வசப்படவில்லை. அதற்காகப் படிப்பை நிறுத்தி வைக்கவில்லை. எழுத வேண்டிய இடத்தில் சொல் அட்டையை ஒட்டிப் பதில் சொல்கிறான்.

அக்கா

இதைக் கொஞ்சம் கூச்சத்தோடுதான் எழுதுகிறேன். நான் வருவதற்கு முன் தம்பியைப் பள்ளியில் வைத்திருந்தது முழுக்க அவன் அக்கா. அவன் தரையில் உட்கார்ந்தால், கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால், சோறு சிந்தினால், நான்கு-ஐந்து வகுப்பு அறையிலிருந்து அக்காவைக் கூப்பிடுவார்கள். ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன், மதியத்துக்குள் ஏழு முறை. பத்து வயதுப் பெண். தம்பி வாயைத் திறப்பதற்கு முன்பே அவனுக்கு என்ன வேண்டும் என்று அவளே சொல்லிவிடுவாள். அவளுடைய கணக்கு நோட்டில் பாதிப் பக்கம் காலி. எல்லோரும் "தங்கமான பொண்ணு" என்று பாராட்டினோம். எல்லாப் பிள்ளைகளோடும் சேர்த்துப் படிக்க வைக்கும் உள்ளடக்கிய கல்வி என்று நாங்கள் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்ததன் விலையை அவள் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பரிலிருந்து அவளைக் கூப்பிடக்கூடாது என்று முடிவு. முதல் வாரம் இரண்டு பேருமே அழுதார்கள். அவளுக்குப் பதில் ஆள் தேடவில்லை, ஒரு பட்டையைச் சுவரில் மாட்டினோம்: காலை உணவு, படிப்பு, இடைவேளை, கணக்கு, சாப்பாடு, விளையாட்டு, வீடு. ஒவ்வொன்றுக்கும் அவனே இருக்கும் போட்டோ. ஒன்று முடிந்ததும் அந்தப் போட்டோவைத் திருப்பிவிட்டு அடுத்ததைப் பார்ப்பான். அடுத்து என்ன என்று தெரிந்தபோது தரையில் உட்காருவது பாதிக்கு மேல் குறைந்தது. மணி சத்தம் சொல்லாததைப் போட்டோ சொன்னது.

இன்னொரு விதி மற்ற பிள்ளைகளுக்கு: தம்பியைத் தூக்கக்கூடாது. பெரிய பெண்கள் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிவார்கள், கன்னத்தைக் கிள்ளுவார்கள், "பாப்பா" என்பார்கள். பாசம்தான். ஆனால் ஏழு வயதுப் பையனை யார் இடுப்பில் வைத்துக்கொள்வார்கள்? "அவன் ரெண்டாம் கிளாஸ் பையன், உங்கள மாதிரிதான் பள்ளிக்கூடம் வர்றான்" என்று மட்டும் டீச்சர் சொன்னார். அதிகம் விளக்கவில்லை.

முட்டைத் தட்டு

எண்கள் இவர்களுக்குக் கடினம், தம்பிக்கும் அப்படியே. ஒன்று இரண்டு மூன்று என்று பாட்டாகச் சொல்வான், ஆனால் மூன்று பொருளைக் கேட்டால் கை நிறைய அள்ளித் தருவான். சத்துணவு முட்டை வரும் அட்டைத் தட்டை இரண்டுக்கு ஐந்து குழியாக வெட்டிப் பத்துக்கட்டம் செய்தோம். குழி நிறைந்தால் பத்து, காலிக் குழியைப் பார்த்தாலே எத்தனை குறைகிறது என்று தெரியும். சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்கு ஒரு தட்டு வைக்கும் வேலையும் அவனுடையது. ஆளுக்கு ஒன்று என்ற கணக்கு அங்கேதான் பிடிபட்டது. இரண்டு வருட முடிவில் பத்து வரை பொருளோடு எண்ணுகிறான், ஐந்துக்குள் கூட்டுகிறான். கழித்தல் இல்லை. பணம் இல்லை. இதில் இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை, வேலை நடந்துகொண்டிருக்கிறது.

இறங்கிய மாதங்கள்

2024 அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்தது. தம்பிக்குச் சளி, காதில் மறுபடி நீர், அப்புறம் காய்ச்சல். அவர்கள் வீட்டுப் பாதையில் மண் சரிந்து நடக்க முடியாமல் போயிற்று. எல்லாம் சேர்ந்து ஐந்து வாரம் பள்ளி இல்லை. எனக்கும் அந்த நேரத்தில் பயிற்சி வகுப்பு. திரும்பி வந்தபோது படிக்கத் தெரிந்த நாற்பத்தைந்து சொற்களில் இருபதுக்கு மேல் தங்கவில்லை. ஸ்டேஷன் பெயர்கள் ஆறும் இருந்தன, அம்மா, அப்பாயி, முட்டை இருந்தன. எண்ணுவது போய்விட்டது. முதல் நாளே கதவருகில் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அதே வாரத்தில் மதிப்பீட்டுக்கு வந்தவர் வாய்மொழியாக ஐந்து கேள்வி கேட்டார். எதிரில் நின்று, வேகமாக, மழை நேரத்தில். தம்பி ஒன்றுக்கும் வாய் திறக்கவில்லை. "எதுவும் தெரியவில்லை" என்று பதிவாயிற்று. அட்டைகளைக் காட்டலாமா என்று டீச்சர் கேட்டதற்கு, படிவத்தில் அதற்கு இடமில்லை என்று பதில். அன்றைக்கு டீச்சர் அழுதார். நானும் அவரைத் தேற்றவில்லை, எனக்கும் கோபம்தான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. பிள்ளைக்கு ஏற்ற முறையில் கற்பிப்பதும், அவன் முன்னேற்றத்தைக் கவனித்து வருவதும் பள்ளியின் கடமை என்று அதில் தெளிவாக இருக்கிறது. கேள்வியை அட்டையில் கேட்பதற்கு எந்தப் புதுச் சட்டமும் தேவையில்லை.

அந்தச் சமயத்தில்தான் அப்பா முதல்முறையாகப் பள்ளிக்கு வந்தார். டவுனில் இருக்கும் சிறப்புப் பள்ளிக்கு வேன் வருகிறதாம், சேர்த்துவிடலாமா என்று கேட்டார். சிறப்புப் பள்ளி வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே பேச்சுப் பயிற்சியும் இயன்முறைப் பயிற்சியும் தினமும் கிடைக்கும், இங்கே கிடைக்காது. அருகமைப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பதைக் குடும்பமே தேர்ந்தெடுக்கும் உரிமையையும் அதே சட்டம் கொடுத்திருக்கிறது. இரண்டிலும் கிடைப்பது எது, கிடைக்காதது எது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். வேனில் போக வர இரண்டரை மணி நேரம். தெருவில் கூட விளையாடும் பிள்ளைகள் எல்லோரும் இந்தப் பள்ளியில். அப்பா தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். திங்கட்கிழமை தம்பியைக் கையைப் பிடித்து அவரே கூட்டிவந்து விட்டார். எதுவும் சொல்லவில்லை.

தொலைந்த சொற்கள் திரும்பி வருவதற்குப் புதிதாகக் கற்ற நேரத்தில் பாதிதான் ஆயிற்று. அட்டைகளை வீட்டுக்கும் ஒரு செட் கொடுத்திருக்க வேண்டும். அதை முதல் வருடமே நான் செய்யவில்லை. இப்போது வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது, மழைக்காலத்துக்கு முன்பே.

இப்போது

2025 ஏப்ரலில் மூன்றாம் வகுப்பை முடிக்கும்போது தம்பி 83 சொற்களைப் பார்த்துப் படித்தான். இரண்டு, மூன்று சொல் வாக்கியம் பேசுகிறான், பழகியவர்களுக்குப் புரியும், புதியவர்களுக்குப் பாதி. வாரத்தில் ஒரு முறையோ இரு முறையோ தரையில் உட்காருகிறான். அக்கா ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி போய்விட்டாள். இன்னும் இரண்டு வருடத்தில் இவனும் அங்கே போக வேண்டும். ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஒரு ஆசிரியர், அவர்கள் ஒவ்வொருவரிடமும் காதைப் பற்றியும் அட்டையைப் பற்றியும் தனித்தனியாகப் பேச வேண்டியிருக்கும். அதற்கான குறிப்பை இப்போதே எழுதத் தொடங்கியிருக்கிறேன்.

மார்ச்சில் ஒரு நாள் காலை நான் போனபோது பள்ளியே அல்லோலகல்லோலமாக இருந்தது. இரவு கரடி வந்து சத்துணவுக் கூடத்துக் கதவைப் பெயர்த்து, எண்ணெயைக் குடித்துவிட்டுப் போயிருந்தது. பிள்ளைகள் ஆளாளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள், கரடி இவ்வளவு பெரிசு, நகம் இவ்வளவு நீளம். தம்பி நடுவில் நின்று ஒவ்வொரு வாயாகப் பார்த்தான். பிறகு அட்டை வைக்கும் மேசைக்குப் போய், எதுவும் எழுதாத ஒரு மஞ்சள் அட்டையையும் மார்க்கரையும் எடுத்துவந்து என் மடியில் வைத்தான்.

"டீச்சர். எழுது."

"என்ன எழுத?"

இரண்டு கையையும் நகம் மாதிரி வைத்துக்கொண்டு உறுமினான். கரடி என்று எழுதினேன். போதவில்லை, அட்டையைத் தட்டினான். சிவப்பு மார்க்கரை வாங்கி "வந்துச்சு" என்று சேர்த்தேன். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, விரலை எழுத்தின் மேல் ஓட்டிப் பார்த்துக்கொண்டு, அட்டையோடு பிள்ளைகள் கூட்டத்துக்குள் நுழைந்தான். கொஞ்ச நேரம் கழித்து, மற்ற எல்லாக் குரலுக்கும் மேலே, அவன் குரல் கேட்டது.